மிளகின் முன்னங்கால்

வியாழக்கிழமை, காலை மணி 8.10.

கால்நடை ஆஸ்பத்திரியின் கவுண்டர் மேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் செத்துப்போன நாய்க்குட்டி. பெட்டியின் மூடிமேல் நான்கு பக்க பில்.

"முதல்ல பில்லு, அப்புறம் பெட்டி," என்றார் மேனேஜர். "இங்க அதுதாம்மா ரூல்."

எந்த மகராசன் எழுதிய ரூலோ! எதிரே நின்றவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஒரு வருஷம் பணம் சேர்த்து, பதினோரு நாளைக்கு முன்னால்தான் அந்தக் கறுப்பு லேப்ரடார் குட்டியை வாங்கியிருந்தாள். வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டு அவள் வாங்கியது அது ஒன்றுதான். மிளகு என்று பெயர் வைத்தாள். எட்டாம் நாள் மிளகு வாந்தி எடுத்தது, பிறகு ரத்தமாகப் போனது. 'பார்வோ' என்றார்கள், குட்டி நாய்களைக் கொல்லும் தொற்றுநோய். திங்கட்கிழமை இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

அன்றிலிருந்து பில் ஏறியது. தெரிந்தவர்களெல்லாம் புத்தி சொன்னார்கள். "இந்தக் காசுல புதுசா மூணு குட்டி வாங்கலாமே!"

"வாங்கலாம். அதுல எது மிளகு?" என்று கேட்டாள் அவள். அதற்குப் பிறகு யாரும் புத்தி சொல்லவில்லை.

இப்போது பில்லின் கடைசி வரியைப் படித்தாள். அவளுடைய மூன்று மாதச் சம்பளம். அழுகை வந்தது. ஆனால் அந்த மேனேஜர் முன்னால் அழுவதாவது!

"குட்டியைப் பார்க்காம பணம் தரமாட்டேன்," என்றாள். உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

காலை மணி 8.35.

அண்ணன் சலூன் வைத்திருக்கிறவர். கடையில் ஒருவருக்குப் பாதி முகம் சவரம் செய்திருந்த நிலையில், "மிச்சத்தை சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தார். முப்பது வருஷமாகப் பிறர் தலையைப் பார்த்தே பிழைப்பதால், அவர் கண்ணிலிருந்து ஒரு மயிரிழைகூடத் தப்பாது. திங்கட்கிழமை தங்கை கவுண்டரில் மேனேஜரோடு பாரம் எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளே குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர்தான். கம்பவுண்டர் கையிலிருந்த மிஷினைப் பார்த்து, "பிளேடு இவ்வளவு மழுங்கியிருக்கே, இதை வெச்சு வழிச்சா தோலு எரியாதா?" என்று சத்தம் போட்டு, கம்பவுண்டரிடம் வாங்கியும் கட்டிக்கொண்டவர்.

வந்ததும் அவர் முதலில் பெட்டியைப் பார்க்கவில்லை, மேனேஜரைப் பார்த்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வலது முழங்கையில் மட்டும் விரல் அகலத்துக்குப் பச்சை பெயிண்ட்.

"எப்ப செத்துச்சு?"

"காலைல ஆறு மணிக்குத் தனி அறையைத் திறந்தேன். செத்துக் கிடந்துச்சு."

"பையில போட்டது யாரு?"

"நான்தான். கம்பவுண்டர் பின்னாடி கூண்டு கழுவிட்டிருந்தாரு. பிரீசர்ல வெச்சேன், இப்பதான் எடுத்தேன்."

"அந்த அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"டாக்டரம்மா, கம்பவுண்டர், நான். மூணு பேர்கிட்டயும் இருக்கு."

"ராத்திரி இங்க இருந்தது?"

"கம்பவுண்டர்தான். டாக்டரம்மா அடிபட்ட பூனை ஒண்ணைப் பார்க்க நடுவுல வந்துட்டுப் போனாங்க." மேனேஜருக்குச் சலிப்பு வந்துவிட்டது. "நீங்க என்ன போலீஸா?"

"முடி வெட்டுறவன். பையைத் திறங்க."

"கூடாது சார். தொத்து நோய்!"

வேன் டிரைவர் அதற்குமேல் பொறுக்கவில்லை. "மனுஷனுக்கு ஒட்டாதுன்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. என் குட்டியை நான் தொட எவன்கிட்ட உத்தரவு கேக்கணும்?" என்று சொல்லி, பையைப் பற்றி ஒரே இழுப்பில் கிழித்தாள்.

கறுப்புக் குட்டி. கண் மூடியிருந்தது, உடம்பெல்லாம் பனி ஈரம். தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். இவ்வளவு நேரம் அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணன் குட்டியின் வயிற்றில் விரலை வைத்து அழுத்தினார். கருங்கல் மாதிரி இருந்தது. பிறகு இடது முன்னங்காலைத் தடவினார். வலது முன்னங்காலைத் தடவினார். பின்னங்கால்களையும் விடவில்லை. பில்லை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"அழாதேம்மா," என்றார் நிமிராமலே. "டாக்டரம்மா வரட்டும். அதுவரைக்கும் யாரும் வெளிய போகவேணாம்." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்துகொண்டார்.

காலை மணி 9.05.

டாக்டரம்மா வந்தாள். குள்ளமான, வேகமான பெண். பின்கட்டிலிருந்து கம்பவுண்டரும் கையைத் துடைத்தபடி வந்தார். ஐம்பது வயது மனிதர், கண் சிவந்திருந்தது.

"டாக்டரம்மா, நேத்து குட்டி எப்படி இருந்துச்சு?" சலூன்காரர் சுற்றி வளைக்கவில்லை.

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே வரேன். நேத்து வாந்தி நின்னுடுச்சு. நடுராத்திரி பூனையைப் பார்க்க வந்தப்பகூட எட்டிப் பார்த்தேன், தூங்கிட்டிருந்துச்சு. மூச்சு சீரா இருந்துச்சு."

"சாயங்காலம் என்னைப் பார்த்து வாலாட்டுச்சு சார்," என்றார் கம்பவுண்டர். "காலைல செத்துருச்சுன்னு மேனேஜர் சொன்னாரு. எனக்கு மனசே கேக்கல."

"நீங்க உடம்பைப் பார்த்தீங்களா?"

"இல்ல சார். நான் வர்றதுக்குள்ள பையில கட்டிட்டாரு."

"குட்டி தேறுதுன்னுதான் பில்லும் சொல்லுது," என்றார் சலூன்காரர். "மருந்தோட அளவுக்காகத் தினமும் எடை போட்டிருக்கீங்க. திங்கள் நாலு கிலோ இருநூறு. செவ்வாய் மூணு தொள்ளாயிரம். புதன் நாலு கிலோ. சாகப்போற குட்டி எடை ஏறுமா?"

"திடீர்னு போறதும் உண்டு," என்றார் மேனேஜர்.

"உண்டு. இன்னொரு வரியும் இருக்கு. மூணு நாள் டிரிப்ஸ். எந்தக் காலுல போட்டீங்க?"

கம்பவுண்டர் முந்திக்கொண்டார். "இடது முன்னங்கால். நீங்கதான் பிளேடு மழுங்கலுன்னு என்னைத் திட்டினீங்களே!"

"திட்டினேன். நரம்பு தெரியணும்னு அந்த இடத்துல முடியை ஒட்ட வழிச்சு, ஊசியைச் செருகி, மேல கட்டுப் போட்டீங்க. இப்ப இந்தக் குட்டியோட காலைப் பாருங்க."

டாக்டரம்மா குனிந்தாள். நாலு காலிலும் முடி பளபளவென்று முழுசாக இருந்தது.

கம்பவுண்டரும் பக்கத்தில் வந்து தடவிப் பார்த்தார்.

"அப்போ டிரிப்ஸே போடலையா?" தங்கையின் குரல் உயர்ந்தது. "போடாததுக்கா பில்லு?"

"போட்டாங்கம்மா. செவ்வாய்க்கிழமை கண்ணாடி வழியா நீயே பார்த்தே, காலுல கட்டும் குழாயும்."

"மூணு நாள் ஆச்சு இல்ல, முடி வளர்ந்திருக்கும்," என்றார் மேனேஜர்.

சலூன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "ஐயா, மூணு நாள்ல முடி அப்படி வளர்ந்தா நான் ஊருல மூணு மாடி வீடு கட்டியிருப்பேன்! ஒட்ட வழிச்ச இடம் மூட வாரக்கணக்காகும். இது மிளகு இல்லை."

வேன் டிரைவர் முகத்திலிருந்து கையை எடுத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள். காது, மூக்கு, வயிறு. "இல்லை," என்றாள். "மிளகோட காது இதைவிடப் பெருசு. ஐயோ, நான் சரியாவே பார்க்கலியே!"

மேனேஜர் சட்டென்று கம்பவுண்டர் பக்கம் கையை நீட்டினார். "ராத்திரி முழுக்க உள்ள இருந்தது இவருதான்! மாத்தி வெச்சிருப்பாரு. நான் இருந்ததை எடுத்துக் கட்டினேன், அவ்வளவுதான்."

கம்பவுண்டர் இரண்டு அடி பின்வாங்கினார். அவர் நின்ற நிலையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். பயந்தவன் எப்போதும் திருடன் மாதிரித்தான் தெரிவான்.

"சரி, யோசிப்போம்," என்றார் சலூன்காரர். "கம்பவுண்டர் மாத்தியிருந்தா என்ன செய்வாரு? வழிச்சதே அவருதான். செத்த குட்டிக்கும் அதே இடத்துல வழிக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். டாக்டரம்மா செஞ்சிருந்தாலும் அதேதான். தினமும் பத்துக் காலை வழிக்கிறவங்க அதை மறக்கமாட்டாங்க. வழிக்கணும்னே தெரியாத ஆளுதான் இதைச் செஞ்சிருக்கணும். அந்த ஆளு பார்த்ததெல்லாம் மேல இருக்கற கட்டைத்தான். கட்டு இல்லைன்னா கால் சாதாரண கால்னு நினைச்சுட்டாரு. இங்க மூணு பேர்ல, தனி அறை வேலைக்கே போகாம, டிரிப்ஸை பில்லுல ஒரு வரியா மட்டும் பார்த்த ஆளு யாரு?"

எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

"உளறாதீங்க! செத்த குட்டிக்கு நான் எங்க போவேன்?"

"பிரீசருக்கு. ஆறு மணிக்கு வெச்ச உடம்பு ரெண்டு மணி நேரத்துல வயிறு வரைக்கும் கல்லா உறையாது. இது ரெண்டு நாள் சரக்கு. டாக்டரம்மா, இந்த வாரம் செத்த லேப்ரடார் குட்டி ஏதாவது வந்துச்சா?"

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "செவ்வாய்க்கிழமை. நாய் வளர்த்து விக்கிறவர் ஒருத்தர் செத்துப்போன ரெண்டு குட்டியைக் கொண்டுவந்தார். புதைக்கிற வண்டி நாளைக்குத்தான் வரும்."

கம்பவுண்டர் ஓடிப்போய்ப் பிரீசரைத் திறந்தார். ஒன்றுதான் இருந்தது.

"எடைக் கணக்கை பில்லுல ஏத்தினவரு இவரு," என்றார் சலூன்காரர். "குட்டி பிழைச்சுக்கும்னு புதன்கிழமையே தெரிஞ்சுபோச்சு. அழுதுட்டே இவ பில்லு கட்டுவா, அந்தப் பக்கம் குட்டியையும் வித்துடலாம். ஒரே மாட்டுல ரெண்டு தடவை கறக்கிற கணக்கு!"

"என் குட்டி எங்கடா?" தங்கை கேட்டாள். மரியாதை எல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது.

மேனேஜர் கவுண்டர் மேலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"அவரு சொல்லவேணாம், முழங்கை சொல்லும்," என்றார் அண்ணன். "கவுண்டர்ல உட்கார்ந்து பில்லு எழுதற மனுஷனுக்குப் பச்சை பெயிண்ட் எங்கேர்ந்து வந்துச்சு? இந்தக் கட்டடத்துல எங்க பெயிண்ட் அடிக்கிறாங்க?"

"மாடியில!" என்றாள் டாக்டரம்மா. "வெளியூர் போறவங்க நாயை விட்டுட்டுப் போற அறை. பெயிண்ட் வேலைக்காக ஒரு வாரமா பூட்டியிருக்கு. சாவி அவர்கிட்ட."

வேன் டிரைவர் கையை நீட்டினாள். மேனேஜர் அந்தக் கையைப் பார்த்தார், வாசலை அடைத்த நாற்காலியைப் பார்த்தார், சாவியை எடுத்து வைத்தார்.

காலை மணி 9.30.

பெயிண்ட் வாடை குமட்டிய அறையின் மூலையில், ஒரு கூண்டுக்குள், இடது காலில் கட்டோடு மிளகு சுருண்டு கிடந்தது. குழாயைப் பிடுங்கிய இடத்தில் கட்டு நனைந்திருந்தது. அவள் குரல் கேட்டதும் தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. வால் மட்டும் இரண்டு தடவை தரையைத் தட்டியது.

"நாலு மணி நேரமா டிரிப்ஸ் இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நிஜமாவே போயிருக்கும்," என்றாள் டாக்டரம்மா. அவளே தூக்கிக்கொண்டு கீழே ஓடினாள்.

காலை மணி 10.20.

மிளகின் காலில் மறுபடி டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொள்ளும் என்றாள் டாக்டரம்மா. பிறகு அண்ணனையும் தங்கையையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கையில் அந்த நான்கு பக்க பில்.

"இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். நீங்க எதுவும் கட்டவேணாம். அந்த ஆளை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன். போலீஸ் மட்டும் வேணாமே. வெளிய தெரிஞ்சா இந்த ஆஸ்பத்திரி பேரே கெட்டுப்போயிடும்."

அண்ணன் பில்லைப் பார்த்தார். மூன்று மாதச் சம்பளம். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தங்கச்சி, டாக்டரம்மா நல்லவங்க. அவங்க சொல்றதுலயும்..."

"அண்ணா, கண்டுபிடிச்சது நீ. அதோட உன் வேலை முடிஞ்சுது," என்றாள் அவள்.

அவள் டாக்டரம்மாவின் கையிலிருந்த பில்லை வாங்கி, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீங்க என் குட்டியைக் காப்பாத்தினீங்க. அந்தக் காசை மாசாமாசம் கட்டுவேன், ஒரு சல்லி குறைக்கவேணாம். இதை இலவசமா வாங்கிட்டா என் வாய்க்குப் பூட்டு போட்ட மாதிரி ஆயிடும். எங்க அண்ணனுக்கு முடியைப் பத்தித் தெரிஞ்சதால நான் தப்பிச்சேன். எனக்கு முன்னாடி எத்தனை பேரு இதே கவுண்டர்ல அழுதுட்டே பணத்தைக் கட்டி, யாரோ பெத்த குட்டியைத் தங்களோடதுன்னு கொண்டுபோய்ப் புதைச்சாங்களோ! உங்களுக்குத் தெரியுமா?"

டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை.  எழுந்துபோய், பிரீசருக்கு வந்த உடம்புகளைக் கணக்கெழுதும் இரண்டு வருஷத்து நோட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் போட்டாள். டெலிபோனை வேன் டிரைவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

வேன் டிரைவர் நம்பரை அழுத்தினாள்.

"ஹலோ, போலீஸ் ஸ்டேஷனா? ஒரு திருட்டு கம்ப்ளைண்ட். நாய்க்குட்டி சார். ஆமா, நாய்க்குட்டிதான், சிரிக்காதீங்க. என்னது? கிடைச்சிருச்சு சார், பக்கத்து ரூம்லதான் படுத்திருக்கு. கிடைச்சுட்டா திருட்டு இல்லைன்னு ஆயிடுமா? ஆளை அனுப்புங்க. வர்ற வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருப்பேன்."