கடல் படித்தல்: ஒரு மதிப்பலகு

வேலை நாட்களில் காலை எட்டரை மணிக்கு உமையாள் ஒன்றும் தெரியாதவளாக ஆகிவிடுவாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். குளச்சல் தகுதி மாற்று நிலையத்தின் பின்னறையில் உட்கார்ந்து தலையைச் சாய்ப்பாள். நிலையத்து உதவியாளன் இசக்கிமுத்து அவள் காதுக்குப் பின்னால் கருவியை வைத்து நினைவிழையை அணைப்பான். பிறந்த ஆறாம் மாதத்திலேயே எல்லாருக்கும் பொருத்திவிடுகிற இழை. எதைக் கேட்டாலும் உள்ளிருந்தே பதில் சொல்லும். அது அணைந்ததும் பக்கத்துத் தெருவின் பெயர்கூட மறந்துபோகும் உமையாளுக்கு.

அவளுடைய பதவியின் பெயர் வெற்றுச் சான்றாளர். நிலையத்தில் எல்லாரும் 'சிலேட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை.

எல்லார் தலையிலும் எல்லாம் இருக்கிற காலத்தில் தேர்வு எதற்கு? பள்ளிகள் மதிப்பெண் போடுவதை விட்டு அறுபது வருடம் ஆகிறது. ஆனால் இழை எட்டாத ஆழ்கடலில், அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் மிதவைகளில், சில ஆயிரம் குடும்பங்கள் இருந்தன. அங்கே பிள்ளைகளுக்குப் பெற்றவர்களே வாத்தியார். வீட்டுப் பள்ளிதான் பள்ளி. இந்தப் பிள்ளைகளைத்தான் வெளிநாட்டுப் பள்ளிகளும் படைப் பள்ளிகளும் போட்டி போட்டுக்கொண்டு கேட்டன, ஏனென்றால் இழை அறுந்தாலும் யோசிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள் மட்டுமே. ஆனாலும் பாடம் தேறியதாக அம்மா கையெழுத்துப் போட்டுத் தரும் மதிப்பலகு ஒன்றை எந்த நாட்டுக்காரன் நம்புவான்? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அதனால் வந்த விதி இது. மாணவர் தான் கற்ற பாடத்தை, ஒன்றும் தெரியாத ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் கற்பித்துக் காட்ட வேண்டும். கேட்பவரின் நெற்றியில் ஒட்டிய கற்றல் மானி அறுபதைத் தொட்டால் ஒரு மதிப்பலகு அவர் சேர விரும்பும் பள்ளிக்கு மாறும். தொடாவிட்டால் அடுத்த வருடம்தான்.

அன்று வியாழக்கிழமை. பதினொரு மணிக்கு உமையாளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய் ஒரு சின்னப் படகில் ஏற்றினார்கள். படகில் தாரகை காத்திருந்தாள். வயது பதினேழு, பதினெட்டாக இன்னும் மூன்று வாரம். பதினெட்டு முடிந்தவர்களை ஏழ்கடல் மீட்புப் படைப் பள்ளி சேர்ப்பதில்லை. பள்ளி சிலி நாட்டின் தென்முனையில் இருந்தது, சேர்க்கைப் பட்டியல் அன்று மதியம் ஒரு மணிக்கு மூடுகிறது. இருபத்து நாலு மதிப்பலகில் இருபத்து மூன்று ஏற்கெனவே மாறியாயிற்று. மீதி ஒன்று, கடல் படித்தல். அது இல்லாமல் அந்தப் பள்ளி யாரையும் உள்ளே விடாது.

"படுங்க மேடம்" என்றாள் தாரகை.

"படுக்கணுமா?"

"முதுகு பலகையில படணும். கண்ணை மூடிக்கங்க. ஒரு அலை உங்களைத் தூக்குனதுலேர்ந்து அடுத்த அலை தூக்குறது வரைக்கும் மந்திரம் சொல்லிக்கிட்டே வாங்க. எத்தனை மந்திரம் ஆகுதுன்னு பாருங்க."

"எந்த மந்திரம்?"

தாரகை விழித்தாள். மடியிலிருந்த அம்மாவின் நோட்டைப் பார்த்தாள், உமையாளைப் பார்த்தாள். அவர்கள் மிதவைக் கூட்டத்தில் ஏழு குடும்பம், ஏழும் மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரக் குடும்பம். கடிகாரம் உப்புக் காற்றில் ஒரு வருடம் தாங்காது என்று மாதாவின் மந்திரத்தையே அளவாக வைத்திருந்தார்கள். ஒரே வேகத்தில் சொன்னால் எப்போதும் ஒரே நேரம்தான் ஆகும். ஒரு மந்திரம் பத்துக் கூறு. நோட்டு முழுக்கக் கணக்கு அப்படித்தான் இருந்தது.

"அருள் நிறைந்த மந்திரம் மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

"எங்க வீட்ல தேவாரம் சொல்லுவாங்கன்னு நெனைக்கேன். அதுவும் இப்ப ஞாபகம் இல்ல."

"உலகத்துல எல்லாருக்கும் தெரியும்னுல்லா நெனச்சேன்!"

வேறு வழியில்லை. மந்திரத்தையே முதலில் கற்பிக்க வேண்டியதாயிற்று. மனப்பாடம் என்ற ஒன்றை அந்தத் தலைமுறையில் யார் செய்திருக்கிறார்கள்? உமையாள் பாதியில் தடுமாறினாள், வேகமாக ஓடினாள், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இருபத்தெட்டு நிமிடம் போயிற்று. மானி பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. மந்திரம் பாடத்திட்டத்தில் இல்லையாம்.

பிறகுதான் அலை. நேற்று இதே நேரம் தாரகை எண்ணிக் குறித்திருந்தாள்: இரண்டு முழு மந்திரம், அதாவது இருபது கூறு. இன்று உமையாளே படுத்து எண்ணினாள். கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது, காற்றே இல்லை. ஆனாலும் அடியிலிருந்து ஏதோ ஒன்று படகை மெல்லத் தூக்கி, யோசித்து, இறக்கியது. திரும்பத் திரும்ப எண்ணினாள். பதினேழு கூறு.

"கள்ளக்கடல்" என்றாள் தாரகை. "இங்க காத்து இல்ல, ஆனா அலை வருது பாத்தீங்களா? வேற எங்கயோ அடிச்ச புயல் அனுப்புனது. புயலு எல்லா அலையையும் ஒண்ணாத்தான் கிளப்பிவிடும். நீட்டு அலை வேகமா ஓடும், கட்டை அலை மெதுவா வரும்; கூறு எத்தனையோ, வேகமும் அந்தக் கணக்குத்தான். ஓட்டப் பந்தயம் மாதிரி மேடம். முதல்ல வந்தவனும் அடுத்து வந்தவனும் எவ்வளவு நேரம் வித்தியாசத்துல வந்தாங்கன்னு தெரிஞ்சா, பந்தயம் எங்க தொடங்குச்சுன்னு சொல்லிரலாம்."

ஒரு மணி நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. மானி நாற்பத்தொன்றில் நின்றது.

தாரகை நோட்டை மூடினாள். அழவில்லை, மூக்கு மட்டும் சிவந்தது. "போன வருசம் அப்பா இருந்த மிதவை அத்துப் போச்சு" என்றாள், யாரிடமோ சொல்வது போல. "தேடி வந்த கப்பல்ல நாப்பது பேரு. புயல்ல நாப்பது பேருக்கும் இழை செத்துப் போச்சு. அலையைத் தொட்டுப் பாத்து இந்தப் பக்கம் போன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. எதிர்ப்பக்கம் போனாங்க."

உமையாள் பலகையில் படுத்தபடியே கிடந்தாள். பலகையில் படுத்தபடியே கிடந்தாள். படகு தூக்கி இறங்கியது. வாய் தானாக மந்திரத்தை முணுமுணுத்தது. நேற்று இருபது, இன்று பதினேழு. வித்தியாசம் மூன்று. அப்படியென்றால் இன்றைய அலை நாளுக்கு மூன்று பங்கு பின்தங்கியிருக்கிறது. ஒரு நாள் ஓட்டமான பதினேழு பங்கும் பின்தங்க...

எழுந்து உட்கார்ந்தாள். "பதினேழை மூணால வகுக்கணும்!"

தாரகை நிமிர்ந்தாள்.

"அஞ்சு நாளும் இன்னொரு முக்கால் நாளுக்குக் கொஞ்சம் குறைவும். அவ்வளவு நாள் ஓடித்தான் முதல் அலை நேத்து வந்து சேந்திருக்கு. அப்படின்னா புயல் அடிச்சது... போன வியாழக்கிழமை ராத்திரி! இருபது கூறு அலை ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடும்?"

"ஆயிரத்து முன்னூத்தம்பது கிலோமீட்டர்" என்றாள் தாரகை.

உமையாள் விரலை விட்டு எண்ணினாள், படகின் ஈரப் பலகையில் நகத்தால் கீறிக் கணக்குப் போட்டாள். ஏழாயிரத்து அறுநூற்றைம்பது. அலை வருகிற தெற்கே, அதற்கும் தெற்கே, மனிதர் இல்லாத பனிக்கட்டி விளிம்பில், போன வியாழன் இரவு ஒரு புயல் அடித்திருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை. அது தள்ளிய நீர் பூமியின் முதுகில் ஏறி இத்தனை நாள் நடந்து வந்து, இப்போது குளச்சலில் ஒரு சின்னப் படகில் கிடந்த தன் முதுகைத் தொட்டிருக்கிறது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கடல் இவ்வளவு பெரியதா! இவ்வளவு பெரியது தன் விரலெண்ணிக்கைக்குள் வந்துவிட்டதா! சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மானி மணியோடு அணைந்துவிட்டிருந்தது.

கரைக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. பின்னறையில் இசக்கிமுத்து துடைப்புக் கருவியைத் தயாராக வைத்திருந்தான். இன்று கற்றதை இன்றே அழித்துவிட்டுத்தான் சிலேட்டு வீட்டுக்குப் போக வேண்டும். நாளை வருகிற பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாத ஆள் வேண்டுமே. பதிவேட்டின்படி உமையாள் பத்தொன்பது வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பாடம் கற்றவள். வீணை மீட்டியிருக்கிறாளாம், மாட்டுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறாளாம். ஒன்றும் அவளிடம் இல்லை. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் சிலிர்த்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"இசக்கி, தக்கவைப்புப் படிவம் இருக்கா?"

அவன் கருவியைக் கீழே வைத்தான். சான்றாளர் ஒருவர் தாம் கற்ற ஒன்றைத் துடைக்காமல் வைத்துக்கொள்ளலாம், அதைவிடப் பெரிய சான்று வேறில்லை, மானி என்ன காட்டியிருந்தாலும் மதிப்பலகு மாறும். விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டு. எழுத்து விழுந்த சிலேட்டு மறுநாளிலிருந்து வேலைக்கு உதவாது என்பது அதே பிரிவின் அடுத்த வரி. அந்த நிலையத்தில் இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

"யக்கா, யோசிச்சுச் செய்யுங்க. அந்தப் பிள்ளை பாவம்னு நீங்க..."

"பாவம்னு இல்லடா. இது எனக்கு வேணும்."

கையெழுத்துப் போட்டாள். ஒரு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது இருபத்து நாலாவது மதிப்பலகு சிலிக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியே தாரகை "மாதாவே!" என்று கத்தியது உள்ளே கேட்டது. ஓடி வந்து உமையாளைக் கட்டிக்கொண்டு, சிலிக்குப் போகும் கப்பலைப் பிடிக்க ஓடினாள்.

இசக்கிமுத்து இழையை மறுபடி இணைத்தான். உமையாள் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். அமைதியாகக் கிடந்த நீர் மெல்ல எழுந்து கரையில் ஏறியது. அவள் பார்வையை உணர்ந்து உள்ளிருந்து குரல் வந்தது: "இந்த அலை எங்கிருந்து வருகிறது என்று அறிய விரும்புகிறீர்களா?"

"வேண்டாம்" என்றாள் உமையாள் வாய்விட்டு. "எனக்குத் தெரியும்."

கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த இசக்கிமுத்து கையை நிறுத்தினான். அப்படி ஒரு வாக்கியத்தை அவன் பிறந்ததிலிருந்து யார் வாயிலும் கேட்டதில்லை. சன்னலருகே வந்து நின்று கடலைப் பார்த்தான்.

"எங்கேர்ந்துக்கா வருது?" என்று கேட்டான்.

அவனுக்கும் இழை இருந்தது. ஆனாலும் அவளைத்தான் கேட்டான்.