ஆர்லனை எங்கே நிறுத்துவது

பூட்டிக் கிடந்த அறையில் தொலைபேசி மணியடித்து, மூன்றாவது மணிக்கு முன்னால் நின்றது. அழைத்தவர் அலுத்துப்போய் வைத்துவிட்டால் மணி வெறுமனே அடங்கிப்போகும். இது அப்படி அடங்கவில்லை. ரிசீவரை யாரோ தூக்கும்போது வரும் சின்னச் சத்தம் கேட்டது, அதன் பிறகு நடைவழி முழுவதும் யாரோ காதைத் தீட்டிக்கொண்டிருப்பது போன்ற அமைதி. சமையலறை மேஜையில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த லோர்னா, காட்டரிசி சூப்பில் விட்ட கரண்டியை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

குளிர்காலத்து துலூத் நகரில் பிற்பகல் முடிவதற்குள் இருட்டிவிடும். ஏரிப்பக்கக் காற்று பனித்தூளை வாரி ஜன்னலில் இறைத்துக்கொண்டிருந்தது. காற்றில் ஏதாவது விழுந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் திரையைப் பார்த்தாள்.

வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் நோயாளிகளுக்கு நர்ஸையும் கட்டிலையும் ஆக்ஸிஜனையும் அனுப்பும் கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கே ஒவ்வொரு நோயாளியும் கணினிக்குள் ஓடும் ஒரு பாதை. டாக்டர் கையெழுத்து, நர்ஸ் வருகை, மாலையில் வலி எவ்வளவு என்று கேட்கும் இயந்திரக் குரல், கடைசியில் சாவு, அதற்கும் பிறகு கட்டிலைத் திரும்ப எடுத்துப் போவது. அந்தப் பாதையைப் புதிதாக வரைந்திருந்தார்கள். பழையதில் பாதி தூரம் வந்தவர்களை நிறுத்தாமல் புதியதில் அதே இடத்துக்கு ஏற்றவேண்டும், ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஓடுகிற பஸ்ஸுக்கு ஆட்களை மாற்றுவது மாதிரி. அவளும், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரான ரெஜியும் அதைத்தான் அன்று காலையிலிருந்து செய்துகொண்டிருந்தார்கள்.

எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஒருவரைத் தவிர. ஆர்லன், அவள் கணவன்.

ஆர்லன் அதே கம்பெனியின் நோயாளியாக, இப்போது பூட்டிக் கிடக்கும் அந்த அறையில் செத்தது வசந்தத்தில். கட்டிலை எடுத்துப் போகச் சம்மதம் கேட்ட கேள்விக்கு அவள் பதிலே சொல்லவில்லை. பதில் சொன்னால் பாதை முடிந்துவிடும், முடிந்தால் கணினியில்கூட ஆர்லன் என்று ஒருவன் ஓடிக்கொண்டிருக்க மாட்டான். அதனால் அவன் அந்தக் கடைசிப் படியிலேயே காத்துக்கொண்டிருந்தான், அவளும் ஒன்றும் கேட்காமல் அவனைக் காக்கவைத்திருந்தாள். புதிய பாதையில் அந்தப் படியே இல்லை.

ரெஜி காலையில் சிரிப்பும் தயக்கமுமாகச் சொன்னார்: "தாயே, பழசை இன்னிக்கே எடுத்துடறாங்க. அவனை எங்கயாவது நிறுத்து, இல்லன்னா ரத்து பண்ணு. நடுத்தெருவுல விட்டுட்டுப் போக முடியாது."

ரத்து என்ற பொத்தான்மேல் அவள் விரல் போகவே மறுத்தது. மாலை அழைப்புப் படியில் நிறுத்தினாள். அதுவும் காத்திருக்கும் படிதான், வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே வட்டம். ஒரே வகைப் படி என்றால் ஆட்களை மாற்றும் கருவியும் கேள்வி கேட்பதில்லை. தினமும் அந்த அறையில் மணியடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள், எடுக்கும் வரை பாதை நகராது. பாவம், அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தாள்.

இப்போது திரையில் ஆர்லன் அந்த வட்டத்தைவிட்டு நகர்ந்திருந்தான்.

அழைப்பு எடுக்கப்பட்டது. வலி, ஏழு.

லோர்னா ரெஜியை ஃபோனில் கூப்பிட்டாள். லைனில் ஏதோ கோளாறாக இருக்கும் என்றார் அவர். பழைய இடத்துக்கே திரும்ப அனுப்ப முடியுமா என்று கேட்டாள். பழையதை எடுத்தாகிவிட்டதாம். அவர் கொஞ்சநேரம் எதையோ தட்டிப் பார்த்தார். பேசும்போது கேலியெல்லாம் போயிருந்தது.

"லோர்னா, நீ அவனைச் சாவுக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்தியிருக்க."

"அப்போ மறுபடியும்..."

"மறுபடியும் முடியறதுக்கு வழி இல்லம்மா. புதுசுல, மூச்சு நிக்கறதை நர்ஸ் பக்கத்துல இருந்து பாத்து எழுதணும். அவனுக்குத்தான் ஏற்கெனவே நின்னுபோச்சே. வலி கேட்டுக்கிட்டேதான் இருக்கும். ரத்து பண்ணிடு, கேக்குறியா?"

கேட்கிறது என்றாள். ஃபோனைக் கீழே வைத்தாள்.

கடைசி வாரங்கள் ஞாபகம் வந்தன. பற்களைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த மனிதன், பிடித்துக்கொள்ள வேறெதுவும் கிடைக்காமல் அவள் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக்கொண்டு, போதும், போதும் என்று கெஞ்சியது. மூச்சு அடங்கியபோது, இனி வலிக்காது என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலையும் இன்று தன் கையாலேயே கெடுத்துவிட்டாள்.

அறையில் மணியடித்தது. உடனே எடுக்கப்பட்டது.

ஓடும் அழைப்புகளைக் கேட்க அவள் கணினியில் வசதி உண்டு. அழுத்தினாள். இயந்திரத்தின் கனிவான குரல்: வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை அழுத்துங்கள். பின்னால் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போன்ற கரகரப்பு. அது மூச்சில்லை. மூச்சு விட முயலும் ஒன்று. பிறகு பொத்தானின் ஒலி.

ஒன்பது.

யாராவது உங்களுடன் இருக்கிறார்களா, என்றது குரல். அப்புறம், இல்லை என்பதற்கான பொத்தான்.

நடைவழியில் வலிநிவாரணித் தைலத்தின் வாடை. அவன் முதுகுக்கு அவள் தேய்த்துவிட்ட தைலம். அதற்குக் கீழே வேறொரு வாடை, ஈர மண். கட்டிலின் மோட்டார் முனகியது. தலைப்பக்கம் உயர்கிறது. மெதுவாக. அவனுக்கு அப்படித்தான் வேண்டும், மெதுவாக.

ரத்து. திரையில் இருக்கிறது. ஒரே அழுத்து.

விரலை வைத்தாள்.

"லோர்னா," என்றது கணினி. இயந்திரம் இல்லை. "முடிச்சிடு. கண்ணு, முடிச்சிடேன்."

அவன் குரல். கிழிந்துபோய், ஆனால் அவன் குரல். வசந்தத்திலிருந்து ஒரு நாள் விடாமல் எதைக் கேட்க ஏங்கினாளோ அது. அவளுக்கு அழுகை பொங்கியது. விரல் பொத்தானைவிட்டு எழுந்தது. தான் செய்வது இன்னதென்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே மடிக்கணினியை மூடினாள்.

நடந்தாள். பூட்டைத் திறந்தாள்.

கட்டில் நிமிர்ந்திருந்தது. போர்வைக்கு உருவம் இருந்தது. வாய் திறந்தபடி. கண்கள் அவள் பக்கம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்து, அவனுடைய குளிர்ந்த இடது கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நான் இருக்கேன்ல," என்றாள்.

அழைப்பு எப்போதோ அறுந்திருந்தது. அவனுடைய வலது கை மட்டும் ஃபோனில் அழுத்திக்கொண்டே இருந்தது. ஒன்பது. ஒன்பது. ஒன்பது.