பனியரங்கில் ஒரு பல்லி

கோயம்புத்தூரின் செயற்கைப் பனியரங்கில், சரிவின் உச்சி மேடையில் துளசிமணி சறுக்குக் கட்டைகளை மாட்டி நிமிர்ந்தபோது, காதருகே பல்லி கத்தியது.

உடனே கட்டைகளைக் கழற்றிவிட்டாள்.

பயிற்சியாளர் மருதாசலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மிணி, போன தேர்வுலயும் இதே பல்லி. இன்னைக்கும் எறங்கலைன்னா தேசிய அணியை மறந்துரோணும், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க சார். ஆனா கத்துச்சுங்களே."

"இந்தக் குளிர்ல பல்லி எங்கிருந்து அம்மிணி வரும்?"

கேட்ட பிறகுதான் அவருக்கே சுருக்கென்றது. இருவரும் அவள் முழங்காலில் இருந்த மூட்டுக்காவலனைப் பார்த்தார்கள்.

தசைநாரின் களைப்பை உணர்ந்து, இந்த முறை இறங்கினால் அடிபடும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பட்டை அது. தலைக்கவசத்துக்குள் பேசி எச்சரிக்கும். பிடித்து நிறுத்த அதற்கு உரிமை கிடையாது. ஆனாலும் அது வந்தபின் அரங்கில் ஒருவருக்கும் எலும்பு முறிந்ததில்லை. நம் ஆட்கள் எப்போதிருந்து சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தார்கள் என்று ஒருவரும் சந்தேகப்படவில்லை.

மருதாசலம் அரங்கின் கருவிப் பொறியாளர் ஷமீமாவை மேலே வரவழைத்தார். அவள் சுற்றி வளைக்காமல் ஒப்புக்கொண்டாள்.

"ஆரம்பத்துல 'முழங்கால் களைச்சிருக்கு, எறங்காதீங்க'ன்னுதான் சொல்லுச்சு. ஒருத்தரும் மதிக்கலை. அதனால, யாரை எது நிறுத்துதுன்னு அதுவே கத்துக்கிச்சு. துளசி பல்லிச் சத்தம் கேட்டா நிப்பாங்க. அதான் பல்லி."

"எங்கிட்ட இந்தப் பம்மாத்து நடக்காது," என்று மருதாசலம் சிரித்தார். "என் பட்டை எனக்குக் கணக்காச் சொல்லும். அடிபட எம்பது விழுக்காடு வாய்ப்புன்னா, நானே ஒதுங்கிக்குவேன்."

ஷமீமா தயங்கினாள். "அதுக்கு விழுக்காடெல்லாம் தெரியாதுங்க சார். அடிபடும், இல்லைன்னா படாது. அவ்வளவுதான் தெரியும். நீங்க கணக்கை நம்புற ஆளு. அதனால உங்களுக்குக் கணக்கு."

அவர் முகம் சுண்டிப்போனது.

"அந்தத் தந்திரத்தையெல்லாம் நிறுத்துங்கக்கா," என்றாள் துளசிமணி. அவமானத்தோடு முழங்காலை நீட்டினாள். ஷமீமா பட்டையில் எதையோ திருகினாள். "நிறுத்திட்டேன். இனிமே ஆபத்துன்னா நேரடியாச் சொல்லும். இல்லைன்னா பேசாது."

கீழே தேர்வாளர்கள் கடைசி அழைப்பு விடுத்தார்கள். துளசிமணி கட்டைகளை மாட்டிக்கொண்டு சரிவின் விளிம்புக்கு வந்தாள். தலைக்கவசத்துக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"சார், ஒண்ணுமே சொல்லலைங்களே."

"அப்ப நல்லதுதானே, அம்மிணி?" அவர் குரலில் உறுதியே இல்லை.

"இல்லீங்க சார். சொன்னா நம்பமாட்டேன்னு சும்மா இருக்குதோ என்னமோ?"

அவள் காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். முழங்கால் வலிப்பது போலிருந்தது, வலிக்காதது போலவும் இருந்தது. தேர்வு தொடங்கும் விசில் கேட்டது. அவள் இறங்கவில்லை. கட்டைகளைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பேசாமலிருந்தாலே ஆள் நின்றுவிடும் என்று அவள் பட்டை கற்றுக்கொண்டது; ஒரு பட்டை கற்றதை மற்றப் பட்டைகளும் தெரிந்துகொள்ளும். மறுநாள் அரங்கின் மூட்டுக்காவலன்கள் யாரிடமும் எதுவும் பேசவில்லை. உச்சி மேடையில் கூட்டம் சேர்ந்துகொண்டே போனது. ஒவ்வொருவரும் தலைக்கவசத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். சரிவு வெறுமையாகக் கிடந்தது.

அன்றும் ஒருவருக்கும் அடிபடவில்லை.