வெள்ளம் வந்த மனு

அலமாரியில் ஒரே ஒரு கோப்பு மட்டும் நனைந்திருந்தது. தை மாத வெயில் நெய்யாற்றின்கரை ஓடுகளை வறுத்துக்கொண்டிருந்தது. மேலே ஒழுக்கு இல்லை, பக்கத்தில் பானை இல்லை, அதற்கு மேலும் கீழும் இருந்த கோப்புகள் அப்பளம்போல மொறுமொறுவென்று கிடந்தன. முத்துக்குமாரசாமி தொட்டதும் ஆற்றுச் சேற்றின் வாடை எழுந்தது. பெயரைப் பார்க்காமலே அவனுக்குத் தெரியும். ஜெயபாயின் மனு.

அந்தத் தாலுகா அலுவலகத்தில் அவன் பெயர் குமாரபிள்ளை. தெற்கே தமிழர் கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்து, தமிழன் என்றாலே சர்க்கார் வேலை கிடைக்காதிருந்த மாதத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். தமிழ் தெரியுமா என்று தலைமைக் குமாஸ்தா மோகனன் கேட்டபோது, பேசவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது என்றான். பாறசாலைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவன் சொல்லக்கூடிய பொய்யா அது? வேலை நிரந்தரமாகிற வரைக்கும்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். மனைவி பகவதியம்மாளிடம்கூட இதைச் சொல்லவில்லை.

ஐப்பசியில் கள்ளிக்காட்டிலிருந்து வந்தது அந்த மனு. வீட்டுக்குள் வெள்ளம் வருகிறது, ஆற்றங்கரை இடிகிறது, நானும் கைக்குழந்தையும் தனியே இருக்கிறோம் என்று ஜெயபாய் தமிழில் எழுதியிருந்தாள். மோகனனுக்கு எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்க வரும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். முதல் வரியோடு நிறுத்திவிட்டு, தண்ணீர்தான் வருகிறதே, பிறகென்ன புகார் என்று சிரித்தார்.

"வீட்டில் வெள்ளம் வருந்நுண்டல்லோ. பின்னே எந்தா பராதி?"

அவள் சொல்வது ஆற்றுப்பெருக்கு என்று திருத்த ஒரு மூச்சு போதும். வாயில் கொழுக்கட்டையை வைத்தவன்போல நின்றான். குறை தீர்ந்தது என்று மலையாளத்தில் எழுதிக் கோப்பை மூடியது அவனுடைய கையேதான். நாலாம் நாள் ஜெயபாயின் வீட்டை ஆறு கொண்டுபோயிற்று. தாயின் உடல் ஒதுங்கியது, குழந்தை கிடைக்கவில்லை என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

இப்போது மணி மூன்று. கோப்பை ஜன்னல் வெயிலில் காயவைக்கலாம் என்று மேசைக்குக் கொண்டுவந்து நூலைப் பிரித்தான். அவன் எழுதியிருந்த மலையாளம் முழுதும் கரைந்து நீலக் கறையாகியிருந்தது. அவளுடைய தமிழ் மட்டும் இப்போதுதான் எழுதியதுபோலக் கறுத்து நின்றது. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. சத்தம் மனுக்காரர்கள் உட்காரும் பெஞ்சுப் பக்கமிருந்து வந்தது.

ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஈரக்கூந்தல் முகத்தை மூடியிருந்தது. மோகனனும் அந்தப் பக்கம் பார்த்தார். வெறும் பெஞ்சைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"சாருக்குத் தமிழ் அறியுமா?" அவள் மெல்லக் கேட்டாள். "எனக்க பிள்ளையக் காணல்ல சாரே. அந்தக் கடுதாசில நான் என்ன எழுதியிருக்கேண்ணு ஒண்ணு வாசிச்சுச் சொல்லணும்."

அவன் மோகனனைப் பார்த்தான். அவனை நிரந்தரமாக்கும் உத்தரவு மோகனனின் மேசையில்தான் கையெழுத்துக்குக் கிடந்தது. இங்கே ஒரு வார்த்தை தமிழ் பேசினால் போயிற்று. பேசாவிட்டால்? அவள் எழுந்துவிட்டாள். அருகே வந்தாள்.

"அறிஞ்சூடா," தெரியாது என்று மலையாளத்திலேயே சொன்னான்.

அவள் இல்லை. பெஞ்சு காய்ந்து கிடந்தது.

அவன் வாய் நிறைந்தது. சேறு. குளிர்ச்சி. விழுங்கினான். மறுபடி நிறைந்தது.

மோகனன் நிமிர்ந்தார். "எந்தா குமாரபிள்ளே? வெள்ளம் வேணோ?" பரிவோடுதான் கேட்டார்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பல்லிடுக்கில் ஏதோ தட்டுப்பட்டது. விரல்விட்டு எடுத்தான். வசம்பு வளையல். கைக்குழந்தைக்குப் போடுவது.

கத்தப் பார்த்தான். தமிழில். முடியவில்லை. தொண்டையின் அடியிலிருந்து சின்னஞ்சிறு விரல்கள் அவன் நாக்கைப் பற்றிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கியிருந்தன.