வெள்ளை பூசிய வடக்குச் சுவர்

யாரும் தொடாத ரொட்டித் துண்டில்தான் பூஞ்சை வந்திருந்தது.

ஹிஸாயே அந்தப் பையை ஜன்னலருகே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு வாரத்துக்கு முன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த சோதனை அது. ஒரு துண்டைக் கழுவாத கையால் தடவினார்கள்; ஒன்றைத் தரையில் தேய்த்தார்கள்; ஒன்றைக் காலணி அலமாரிக்குள் போட்டுப் புரட்டினார்கள். கடைசித் துண்டை மட்டும் அறிவியல் ஆசிரியையான அவளே இடுக்கியால் எடுத்து, புதுப் பையில் போட்டு ஒட்டினாள். இப்போது அழுக்குத் துண்டுகள் மூன்றும் சும்மா கிடந்தன. சுத்தமான துண்டில் மட்டும் வெள்ளை இழைகள். பூஞ்சை என்றால் ஒரு புள்ளியிலிருந்து வட்டமாகப் பரவ வேண்டும். இது சீவிவிட்ட தலைமுடிபோல ஒரே பக்கமாக நீண்டிருந்தது. வடக்குச் சுவரின் பக்கமாக.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்.

"இந்தப் பையை யாரு திறந்தது?"

"நாங்க இல்ல டீச்சர்," என்றான் டைகா. "அதுக்குப் பசிச்சிருக்கும். வாயைத் திறந்து சாப்பிட்டிருக்கும்."

வகுப்பு சிரித்தது.

"அதுக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல," என்றாள் அவள். "செடி மாதிரி பச்சையமும் இல்ல, வெயில்ல சமைச்சுக்க. நாம விழுங்கிட்டு உள்ள செரிக்கிறோம். அது தன்னோட சாற்றை வெளிய விட்டு, இருக்கிற இடத்துலயே இரையைக் கரைச்சு, கரைஞ்சதை இழையால உறிஞ்சிக்கும்."

கொதோமியின் வீட்டில் காளான் வளர்ப்பு. ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். தேவதாரு மரங்களின் நிழலில், காளான் வித்து ஊன்றிய கட்டைகளைச் சாய்த்து வைத்திருப்பார்கள். "எங்க கட்டையிலயும் அப்படித்தான் டீச்சர். ரெண்டு வருஷம் உள்ளயே இருக்கும், ஒண்ணும் தெரியாது. அப்புறம் அப்பா சுத்தியலால போடு போடுன்னு போடுவாரு. அடி வாங்கினாத்தான் காளான் வெளிய வந்து, மாவு மாதிரி வித்துத் தூள் விடும்."

சுவரோரத்தில் மினோரியின் இருக்கை காலி. இருமலென்று வீட்டில் இருக்கிறாள், இன்றோடு ஐந்து நாள்.

போன வருடம் வரை இந்த அறையில் பாடம் நடத்தியவர் யானாசே. சுவரில் சாம்பலும் கறுப்புமாகப் படர்ந்த ஈரத்தைப் பற்றி மூன்று முறை எழுதிக் கொடுத்தார். நுரையீரல் சரியில்லை என்று அவரைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரியில் இறந்துபோனார். பள்ளி ஒரு மலர்வளையம் அனுப்பியது. வசந்த விடுமுறையில் சுவருக்கு வெள்ளை அடித்தது. அவ்வளவுதான்.

மதியம் அவள் பையோடு போய்ச் சொன்னபோது, துணைத் தலைமையாசிரியர் இவாகிரி சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து தலை நிமிரவில்லை.

"ஜூன் மாசம். மழை. பூஞ்சை வருது. இதுல என்ன அதிசயம் டீச்சர்?"

"யானாசே சார் செத்துட்டாரு."

"அவரு சிகரெட் பிடிப்பாரு."

"ஒரு நாள்கூடப் பிடிச்சதில்ல."

"அப்படியா." ஊறவைத்த முள்ளங்கியைக் கடித்தார். "ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சாச்சு. அறிவியல் டீச்சரே பேய்க்கதை விட்டா பிள்ளைங்க என்ன பண்ணும்?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது மினோரியின் அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"இருமல் நின்னுடுச்சு டீச்சர். சுத்தமா நின்னுடுச்சு." அந்தக் குரலில் மகிழ்ச்சியே இல்லை. "ஆனா சுவத்துப் பக்கமே திரும்பி உக்காந்திருக்கா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. எந்தப் பக்கம் மாத்தி உக்கார வச்சாலும் அங்கதான் திரும்புறா. நான் பார்த்துட்டேன், அது உங்க ஸ்கூல் இருக்கிற திசை."

பிள்ளைகள் வீடு போனதும் ஹிஸாயே ஓவிய அறையிலிருந்து சுரண்டும் தகடு ஒன்றை எடுத்து வந்தாள். படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். வெளியே கூரைக் குழாயில் மழைநீர் கொளகொளவென்று இறங்கிக்கொண்டிருந்தது, வயலில் தவளைகள் விடாமல் கத்தின, அறைக்குள் ஈரக் கட்டையின் வாசனையோடு அவிந்த சோறு புளிப்பதற்கு முந்தைய இனிப்பு வாசனை ஒன்று மிதந்தது. சுவரில் கை வைத்தாள். ஜூன் மாத ஈரச் சுவர் குளிர்ந்திருக்க வேண்டும். இது வெதுவெதுப்பாக இருந்தது.

பெயின்ட், காய்ச்சிய பாலின் ஆடைபோல முழுசாக உரிந்து வந்தது. அடியில் சுண்ணாம்பு இல்லை, சிமென்ட் இல்லை. விரற்கடை தடிமனுக்கு வெள்ளைக் கம்பளி. இழை இழையாக, நெருக்கமாக, உயிரோடு. சுவரோர இருக்கைகள் நான்கிற்கும் நேரே, உட்கார்ந்த பிள்ளையின் முகம் இருக்கும் உயரத்தில், நான்கு வட்டமான தடிப்புகள். மூச்சுப் பட்டுப் பட்டு வளர்ந்தவை. மினோரியின் இடத்தில்தான் தடிப்பு அதிகம். கரும்பலகை அருகே, உயரமான ஆள் நிற்கும் இடத்தில், ஐந்தாவது. பழையது, மஞ்சளேறியது. அதன் பக்கத்தில் மெல்லியதாக, புதிதாக, ஆறாவது.

அவளுடைய உயரத்தில்.

அப்போது வந்த ஆத்திரத்துக்குக் கணக்கில்லை. மூன்று கடிதங்கள். ஒரு மலர்வளையம். இரண்டு கோட்டு பெயின்ட். தகட்டை ஓங்கி அறைந்தாள். மெத்தையில் அடித்ததுபோல் சத்தமே இல்லை. முஷ்டியால் குத்தினாள். மறுபடி குத்தினாள். கை உள்ளே அமிழ்ந்து, மெதுவாக, விட மனமில்லாததுபோல் வெளியே வந்தது.

படம் பிடிக்கக் கைபேசியை எடுத்தாள். விரல்ரேகைப் பூட்டுத் திறக்கவில்லை. விரலைத் துடைத்துவிட்டு வைத்தாள். திறக்கவில்லை. பத்து விரல்களையும் விளக்குக்கு நேரே விரித்துப் பார்த்தாள். ரேகைகள் இல்லை. உரித்த முட்டைபோல் வழவழப்பு. வலியே இல்லை.

வலிக்காததுதான் அவளை ஓடவைத்தது. அந்த இரவு எட்டு முறை கையைக் கழுவினாள். மருந்துக்கடைக்காரர் ஒவ்வாமை என்றார். அவள் தூங்கவில்லை.

காலையில் மழை இருட்டு. அறிவியல் அறையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டு ஓடினாள். இவாகிரி ஒரு நீலத் தார்ப்பாயைச் சுவரில் வைத்து வரிசையாக ஆணியடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பாடத்துக்குத் தயாராக யாரோ புரொஜெக்டரைப் போட்டிருந்தார்கள். வெறும் வெள்ளை ஒளி அறையின் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது.

"சுவரைக் கெடுத்தது நீங்கதானே?" என்றார் இவாகிரி, ஆணியிலிருந்து கண்ணெடுக்காமல். "அப்புறம் பேசிக்கலாம். பாடத்தை ஆரம்பிங்க."

"அடிக்காதீங்க."

டக். டக். டக்.

"பிள்ளைங்களை வெளிய அனுப்புங்க!"

"முதல்ல குரலைக் குறைங்க டீச்சர்."

அவள் கத்தினாள். வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை. யானாசேயின் பெயரைச் சொல்லிக் கத்தினாள், மினோரியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள், உனக்கு மனசாட்சி இல்லையா என்று கேட்டு, ஒளியின் குறுக்கே போய் அவர் முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். இவாகிரி திரும்பினார். கோபப்படவில்லை. அவள் வாயையே பார்த்தார். அவருடைய மூக்குக் கண்ணாடி வெளுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளும் பார்த்தாள்.

ஒளியில் புகை. மாவு போல. அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கொத்து.

வாயை மூட நினைத்தாள். மூடவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ பூரித்து, விரிந்து, தள்ளியது. இருமல் இல்லை. வலி இல்லை. கோபம் மட்டும் இருந்தது. அது இன்னும் அவளுடையதுதானா என்று தெரியவில்லை.

"போங்க!" என்று பிள்ளைகளைப் பார்த்து அலறினாள். "ஓடுங்க!"

பெரிய கொத்து.

பத்து முகங்கள் அவளை அண்ணாந்து பார்த்தன. பயத்தில் பத்து வாய்களும் திறந்திருந்தன. தூள் அவசரமில்லாமல், பனி விழுவதுபோல, இறங்கிக்கொண்டிருந்தது.