உறவுக்குவி

மண்டபத்துப் பெருந்திரையில் மாலை மாற்றும் படம் வந்தது. மணமகள் வடிவம்மையின் மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணிவிடலாம், அத்தனை துலக்கம். மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் எதிரில் நிற்பதுபோல் தெரிந்தார்கள். பேத்தியின் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற ஆவுடையப்பர் மட்டும் ஈரத்துணியால் துடைத்த சுண்ணாம்புக் கறையாக இருந்தார்.

“ஏல ஜெபசிங்,” என்று படக்காரனை ஓரமாக இழுத்தார். “என்னல இது? நான் என்ன பேயா?”

“உறவுக்குவி தப்பே செய்யாது, அண்ணாச்சி.”

அது உண்மைதான். பழைய கேமராக்கள் மணமக்களை மங்கவிட்டு, பின்னால் நிற்கும் சமையல்காரரின் மீசையைத் துலக்கிக் காட்டும். அதற்காகப் படக்காரர்கள் அடி வாங்கிய காலமும் உண்டு. உறவுக்குவிக் கேமரா வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. வீட்டார் குலமரத்தை அதில் ஏற்றிவிட்டால் போதும். மணமக்களில் தொடங்கி, பெற்றவர், உடன்பிறந்தவர் என்று கிளை கிளையாகத் தொட்டு, உறவு முகங்களில் மட்டும் குவியும். மற்றவர்கள் மங்கிப்போவார்கள். கையால் திருகிக் குவிக்கும் வளையம் இப்போது எந்தக் கேமராவிலும் கிடையாது.

குலமரத்தை ஏற்றியவர் ஆவுடையப்பர்தான். ஏற்றும்போதே மகள் செண்பகத்தை மரத்திலிருந்து வெட்டியிருந்தார். கணவன் இறந்த மறுவருடமே இன்னொருவனைக் கட்டிக்கொண்டு வீட்டு மானத்தைத் தெருவில் போட்டவள் அவள். அவள் பெற்ற வடிவம்மையைத் தூக்கி வளர்த்தார். அவளை வாசற்படி ஏற்றவில்லை. வடிவம்மை பிடிவாதமாக அழைத்ததால் இன்று வந்து கடைசி வரிசையில் இருந்தாள். இருந்துவிட்டுப் போகட்டும், படத்தில் வரமாட்டாள் என்றுதான் பேசாமல் இருந்தார்.

“செண்பகம் அக்காவ வெட்டிட்டியள்லா?” என்றான் ஜெபசிங். “பொண்ணுக்கு நீங்க அக்கா வழியாத்தான தாத்தா? நடுவுல வெட்டுனா அங்கிட்டு இருக்க நீங்களும் போயிட்டிய.”

“என்னைய நேரா பேத்தியோட ஒட்டுல.”

“ஒட்டாது. கண்ட பெரிய மனுசனையும் மாமன், சித்தப்பன்னு ஒட்டி ஊர ஏமாத்துனதுல அத அடைச்சிட்டாவ. அக்காவத்தான் திரும்பச் சேக்கணும். அதுக்கு அக்கா விரல் வைக்கணும்.”

தாலி எடுத்துக்கொடுக்க வேண்டியவர் அவர். வெளியூர்ச் சொந்தமெல்லாம் திரையில் பார்க்கும். ஆவுடையப்பர் கடைசி வரிசைக்கு நடந்தார். பின்னாலேயே வந்த ஜெபசிங் தொடுதிரைப் பலகையை நீட்டினான்.

“விரல வை,” என்றார் மகளிடம்.

“எதுக்குப்பா?”

“படத்துல நீ வரவேண்டாமா?”

“நான் வரணுமா, நீங்க வரணுமா?”

அவர் பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

பலகையில் இரண்டு கேள்விகள் இருந்தன. வடிவம்மை உங்கள் மகளா? செண்பகம் விரல் வைத்தாள். ஆவுடையப்பர் உங்கள் தந்தையா? விரலை மடக்கிக்கொண்டாள்.

“மகளே இல்லன்னு நீங்கதான சொன்னிய. உங்க வார்த்தைய நான் மீறலாமா?”

கெட்டிமேளம் முழங்கியது. வடிவம்மை கைகாட்டி அம்மாவை மேடைக்கு அழைத்துக்கொண்டாள். திரையில் செண்பகத்தின் நனைந்த இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆவுடையப்பர் முதுகு வளையாமல் நின்று தாலியை எடுத்து நீட்டினார்.

வெளியூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா குரல் ஒலிபெருக்கியில் கேட்டது:

“தாலி எடுத்துக் குடுக்கது யாருவே?”

“தெரியலையே,” என்றது இன்னொரு குரல். “யாரோ வேத்தாளு போல.”