கடைசி அறையின் இன்னொரு கட்டில்

நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது அந்த அறை. மற்ற அறைகளில் எல்லாம் ஒரே சிரிப்பும் கும்மாளமும். இங்கே மட்டும் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை.

"இதுவா என் ரூம்?" என்றாள் அக்கா.

அந்தக் கல்லூரி விடுதியில் புதிதாகச் சேருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்தவரோடு அறை எடுத்துக்கொள்ளலாம். அக்காவோடுதான் இருப்பேன் என்று சத்தியம் செய்த பள்ளித்தோழி, வந்ததும் வராததுமாக வேறு ஒருத்தியோடு போய்விட்டாள். மிச்சம் இருந்தது இந்த ஒரு கட்டில்தான்.

"உன்கூட இருக்கப்போற பொண்ணு காலையிலேயே வந்துட்டா" என்று வார்டன் அம்மா சொல்லியிருந்தார். உள்ளே யாரையும் காணோம். இன்னொரு கட்டிலில் போர்வை சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு ஜோடி செருப்பு, சுவரைப் பார்த்தபடி.

"செருப்பு இருக்கு. ஆள் எங்கே?" என்றாள் தங்கை. அவளுக்குப் பத்து வயது. வீட்டில் வைத்த பெயர் வேறு. செய்த சேட்டைக்கு நிலைத்த பெயர் வாலு.

"சும்மா இரு வாலு. பையை வெச்சுட்டு வா. அப்பா தனியா பெட்டியை இறக்கறார்."

அக்கா கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பாதிப் படியிலேயே அப்பா, "சின்னப் பை எங்கே? அதுலதான் பெட்டிச் சாவி இருக்கு" என்று திருப்பி அனுப்பினார்.

கதவைத் திறந்ததும் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அக்காவின் கட்டிலில் சுருட்டி வைத்திருந்த மெத்தை விரிந்திருந்தது. பையின் அறுந்த வாரை யாரோ முடிச்சுப் போட்டிருந்தார்கள். செருப்பு இப்போது கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"நான் இங்கே இருக்க மாட்டேன். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" அக்கா அழுதுகொண்டே அப்பாவைத் தேடி ஓடினாள். இந்தக் கல்லூரிக்காக அவள் எத்தனை ராத்திரி கண்விழித்துப் படித்தாள் என்பது வாலுவுக்குத் தெரியும்.

வாலுவுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் பேய்க்கு எதற்குப் பை வாரின் மேல் அக்கறை?

அப்போதுதான் பார்த்தாள். அலமாரிக் கதவின் இடுக்கில் ஒரு நீலத்துணி நுனி. அது மெல்ல, மெல்ல உள்ளே நகர்ந்து மறைந்தது.

வாலு சட்டைப் பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து அலமாரி முன்னால் வைத்தாள்.

"பசிச்சா எடுத்துக்கோங்க. நான் கண்ணை மூடிக்கிறேன்."

கதவு கிறீச்சிட்டது. பிறகு, மொறுக் மொறுக். வாலு ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். அக்கா வயதுப் பெண் ஒருத்தி அலமாரிக்குள் குந்தியிருந்தாள். அழுது கண் சிவந்திருந்தது.

"காலையில ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா ரெண்டு பேர் வந்தாங்க" என்றாள் அவள். "நான் தூக்கத்துல பாடுவேன்னு உண்மையைச் சொன்னேன். உடனே பையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. உங்க அக்காவும் போயிடுவாங்களோன்னு ஒளிஞ்சுக்கிட்டேன். படுக்கையை விரிச்சு வெச்சா, போக மனசு வராதுல்ல?"

வாலுவுக்குப் பாவமாக இருந்தது. "இதுக்கா அழுதீங்க? எங்க அக்கா தூக்கத்துல பல்லைக் கடிப்பா. நறநறன்னு! நான் பக்கத்துலதான் படுக்கறேன். உயிரோடதானே இருக்கேன்?"

"வாலு! மானத்தை வாங்காதே!"

வாசலில் அக்கா. அலமாரிப் பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அவளைப் பார்த்தாள், பை வாரைப் பார்த்தாள்.

"இந்த முடிச்சை நீங்களா போட்டீங்க? கெட்டியா இருக்கே."

பின்னால் அப்பா, தோளில் பெட்டியோடு மூச்சு வாங்கினார். "இறக்கணுமா, திரும்பத் தூக்கிட்டுப் போகணுமா? சீக்கிரம் சொல்லும்மா!"

"இறக்குங்கப்பா" என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் அக்கா போனில் கூப்பிட்டாள்.

"வாலு, பக்கத்து ரூம்ல ராத்திரி முழுக்க யாரும் தூங்கலையாம். 'உங்க ரூம்ல ஏதாவது இருக்கா'ன்னு நடுங்கிக்கிட்டே எங்களைக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமா, நாங்க ரெண்டு பேர் இருக்கோம்னு சொன்னேன்."